தவறாத வெள்ளிக்கிழமைகள்

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மாரியம்மன் கோயிலில், என் உரைக்குப் பிறகு பெண்கள் பக்கம் பரவிய அமைதியை நான் மறக்கவில்லை. பதுளையில் கல்லூரி அதிபராயிருந்து ஓய்வுபெற்றவன் நான், கைதட்டலுக்குப் பழகியவன். அன்று கோயில் சபைத் தலைவர் என்ற முறையில் என் அக்கா மகளைப் பாராட்டினேன். தை முதல் ஆடி வரை ஒரு வெள்ளிக்கிழமையும் தவறாமல் அம்மனுக்கு விளக்கேற்றிய பெண் வேறெவருமில்லை என்றேன். அவளைப் பெண் கேட்டு வந்திருந்த பண்டாரவளை அம்மாள் முன்வரிசையில் இருந்ததால், அதை அழுத்தியே சொன்னேன்.

ஆண்கள் கைதட்டினர். மாதவிலக்கான பெண் ஏழு நாள் கோயில் வாசலை மிதிப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். எந்த ஏழு நாளிலும் ஒரு வெள்ளி உண்டு. இந்தக் கணக்கைப் பெண்கள் அனைவரும் நான் பேசி முடிக்குமுன்பே போட்டுவிட்டிருந்தனர்.

அக்கா என்னை மடைப்பள்ளிப் பக்கம் இழுத்துப் போனாள். "ஒன்னைய யாருடா மைக்க புடிக்கச் சொன்னா? ஒண்ணு அவ தீட்டோட கோயிலுக்கு வந்திருக்கணும், இல்லாட்டி முழுகாம இருக்கணும். ஊரு எதச் சொல்லும்?"

"ரெண்டுமில்ல மாமா," என்றாள் பின்னால் வந்த அவள் மகள், என் மருமகள். "எனக்கு வரவே இல்ல. பயத்துல யார்கிட்டயும் சொல்லல."

பண்டாரவளை அம்மாளும் வந்து நின்றார். மருமகளின் மோவாயை நிமிர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார். "இந்த முடிய நூல் போட்டு எடுக்குறியாம்மா?"

"ஆமாங்க."

"என் மூத்தவளுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. மொதல்ல டொக்டர்கிட்ட காட்டுங்க. கல்யாணப் பேச்சு எங்கயும் போயிறாது."

பதுளையில் மகளிர் மருத்துவரின் அறைக்கு வெளியே, மப்ளரால் முகத்தை மூடி அமர்ந்திருந்தேன். என் பழைய மாணவிகள் ஒவ்வொருவராக எழுந்து, "குட் மோர்னிங் சேர்" என்றனர். மருத்துவர் முதலில் கர்ப்பமில்லை என்று உறுதிசெய்தார், தைரொய்டையும் சோதித்தார். நின்றுபோன மாதவிலக்கு, மோவாய் முடி, இரத்தத்தில் கூடியிருந்த ஆண் ஹோர்மோன், ஸ்கேனில் கண்ட சூலக நீர்க்கட்டிகள் ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்த்த பின்னரே, பொலிசிஸ்டிக் ஓவரி சின்ட்ரோம் என்றார். பல பெண்களுக்கு உள்ளதுதான், கட்டுப்படுத்தலாம், பிள்ளை பெறவும் பெரும்பாலும் தடையில்லை என்றார். அக்கா அங்கேயே அழுதாள்.

மருந்து தொடங்கிச் சில மாதங்களின் பின், ஒரு வெள்ளி காலை மருமகள் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, இன்னிக்கு நான் கோயிலுக்கு வரல." மறுமுனையில் அக்கா பண்டாரவளைக்குச் செய்தி சொல்லும் குரல் கேட்டது.

மாலையில் நானே விளக்கேற்றினேன். "மருமக வரலீங்களா சேர்?" என்று பெண்கள் பக்கமிருந்து யாரோ கேட்டார்.

"வரவில்லை," என்றேன், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.