ரெஜினா அக்காவின் இருபத்தைந்தாவது வருஷம்

செராமிக் யூனிட் ஒன்றில் ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்தபோது ஆடிட்டர் சாரிடமிருந்து போன் வந்தது. ஸ்டாக் எடுக்கப் போனவர்களை அவர் கூப்பிடமாட்டார். எண்ணிக்கை தவறிவிடும் என்பார். அதனால் திரையில் அவர் பெயரைப் பார்த்ததுமே எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எடுக்காமலேயே நின்றேன். மணி அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. "செல்வி, ரெஜினாம்மா போயிட்டாங்க. எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு அவங்க வூட்டுக்கு வந்துடு" என்றார். அடுக்கி வைத்திருந்த ஃபியூஸ் கட்டைகளுக்கு நடுவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். யூனிட் மேனேஜர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "எந்த ரெஜினாம்மா? நம்ம ரெஜினாம்மாவா?" என்று கேட்டார்.

நம்ம ரெஜினாம்மாதான். இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். விருத்தாசலத்தில் கடை வைத்தவர்கள், சூளை வைத்தவர்கள், எங்கள் ஆடிட்டர் ஆபீஸ் மாடிப்படி ஏறியவர்கள் எல்லோரும் முதலில் பார்த்தது அவர் முகத்தைத்தான். பெயருக்கு ஆபீஸ் மேனேஜர். உண்மையில் அவர் பார்த்த வேலை கவலைப்படுவது. எங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து அவர் ஒருவரே கவலைப்பட்டதால் நாங்கள் நிம்மதியாக டீ குடித்தோம். ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாள் என்று ஒன்று இருப்பதையே அவர் நம்பியதில்லை. "கடைசி நாள் வெப்சைட்டுக்குச் சொந்தம், நமக்கு இல்ல" என்பார். அன்றைக்கு அது சுற்றிக்கொண்டே நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். முந்தின வாரமே முடிக்கவைத்து, முடித்த பிறகும் சரியாகத்தான் போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு முறை திறந்து பார்க்கவைப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்துபோய்க்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போனதும் போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்பது ரெஜினா அக்காவின் கட்டளை. ஒருநாள் மழையில் என் போன் நனைந்து செத்துப்போனது. நான் பாட்டுக்கு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் டி.வி.எஸ். சத்தம். அக்காவின் கணவர் அந்தோணி அண்ணன், செராமிக் யூனிட்டில் சூளை பார்ப்பவர், வேலை முடித்த மண் சட்டையோடு மழைக்கோட்டில் நின்றார். "செல்வி வூட்டுக்கு வந்துடுச்சுங்களா?" என்று மட்டும் அப்பாவிடம் கேட்டிருக்கிறார். வரன் விஷயமாக யாரோ வந்திருப்பதாக நினைத்து அப்பா அவரை உள்ளே அழைத்து நாற்காலி போட்டு, எனக்கு என்ன படிப்பு, என்ன சம்பளம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அண்ணன் காபியைக் குடித்துவிட்டு, "எனக்கு எல்லாம் தெரியுங்க, வந்துடுச்சான்னு மட்டும் பார்த்துட்டு வரச் சொன்னாங்க" என்று கிளம்பினார். மறுநாள் அக்காவிடம் சண்டை போட்டேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது பத்து வருஷம், இருபது வருஷம், இருபத்தைந்து வருஷம் என்று நிறைந்தால் கேக் வெட்டுவதில்லை, சால்வை கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் மொத்தமும் அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும். சோறு மட்டும் அந்த வீட்டில் வடிக்க வேண்டும். குழம்பு, ரசம், பொரியல் எல்லாம் மற்றவர்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுபோவோம். ஆடிட்டர் சார் எப்போதும் அப்பளம். ஒரு வீட்டின் மேல் மொத்தச் செலவும் விழக்கூடாது, அதே சமயம் அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிடாமல் யாரும் எழுந்திருக்கக்கூடாது என்று அக்கா ஏற்படுத்தியது இது. யார் வீட்டில் யார் கை நனைப்பது என்ற பேச்சு நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஒருமுறை ஒரு சீனியர், வயிறு சரியில்லை, பழம் மட்டும் போதும் என்று நழுவப் பார்த்தார். "வயிறு சரியில்லன்னா வெறுஞ்சோத்துல ரசம் ஊத்திச் சாப்பிடறதுதான் நல்லது, உக்காருங்க" என்று அக்கா இலையைப் போட்டுவிட்டார். அவர் உட்கார்ந்தார். அடுத்த தடவையிலிருந்து யாருக்கும் வயிறு கெடவில்லை.

போகிற வீட்டுக்கு முதல் நாளே போன் போட்டு அரிசி எவ்வளவு போடுகிறார்கள் என்று விசாரிப்பார். காலையில் மறுபடி விசாரிப்பார். "குழம்பு பத்தலன்னா ரசத்த ஊத்திக்கலாம். சோறு பத்தலன்னா என்னத்த ஊத்துறது?" என்பார். நிஜமாகவே தூக்கம் கெட்டுக் கேட்கிற கேள்வி அது.

இந்த வருஷக் கணக்கில்தான் அவருடைய இன்னொரு பிடிவாதம் இருந்தது. மார்ச் முடிந்தால் எல்லோருக்கும் ஒரு வருஷம் கூடும். ஆனால் டிசம்பரில் சேர்ந்தவரையும் ஏப்ரலில் சேர்ந்தவரையும் ஒன்றாக வைப்பது எப்படி என்று ஒரு விவாதம் வந்தது. ஆடிட்டர் சார் விளையாட்டாக, "மெஷினுக்கு என்ன பண்றோம்? வருஷத்தோட பின்பாதியில வாங்கினா அந்த வருஷம் பாதித் தேய்மானம்தானே. ஆளுக்கும் அப்படியே போடுங்க" என்றார். அக்கா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றுமுதல் அதுதான் சட்டம். ஏப்ரலில் தொடங்கும் கணக்கு வருஷத்தின் பின்பாதியில் சேர்ந்தவர்களுக்கு முதல் வருஷம் அரை வருஷம்தான். அவர்களுடைய விருந்து மார்ச்சில் வராது, செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப்போகும். எங்கள் ஆபீஸில் ஜி.எஸ்.டி. பார்க்கிற தனபால் அண்ணன் ஜனவரியில் சேர்ந்தவர். அவருடைய பத்தாம் வருஷ விருந்துக்கு அவர் அம்மா மார்ச்சிலேயே உறவுக்கெல்லாம் சொல்லிவைத்துவிட்டார். அக்கா விடவில்லை. "ரூலுன்னா ரூலுதான் தனபாலு. செப்டம்பர்ல வரோம், எங்கயும் போயிடமாட்டோம்" என்றார். தனபால் சிரித்துக்கொண்டே அந்த அரை வருஷத்தைக் காத்திருந்தார்.

அக்கா சேர்ந்தது டிசம்பரில்.

போன தீபாவளி கழிந்து அவருக்கு உடம்பு முடியாமல் போனது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆரம்பித்தார். என்ன வியாதி என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பெயர் சொல்லவில்லை. மார்ச் வந்தது. எங்கள் எல்லோருடைய சாதாரணக் கணக்கில் அவருக்கு இருபத்தைந்து. அவருடைய சொந்தச் சட்டப்படி இருபத்து நாலரை. ஏப்ரலில் ஆடிட்டர் சார் என்னை அனுப்பி, இந்த ஞாயிற்றுக்கிழமையே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லச் சொன்னார். அக்கா கட்டிலில் சாய்ந்தபடி என்னை முறைத்தார். "தனபாலுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? செப்டம்பர் கடைசில வாங்க. சோறு நான் வடிச்சுப் போடுறேன்." செப்டம்பர் கடைசியில் ஆபீஸில் தலைக்கு மேல் வேலை இருக்கும் என்றேன். "அதான் முந்தின வாரமே முடிச்சுடுவீங்களே" என்றார்.

அந்தக் கோடை முழுக்க எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. அவர் மெலிந்துகொண்டே போனார். காலண்டரைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவருக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. எத்தனையோ வீடுகளில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவர், தன் வீட்டில் தன் கையால் இருபத்தைந்தாம் வருஷச் சோறு போட வேண்டும் என்பது ஒன்றுதான். அதற்குக் குறுக்கே நின்றதும் அவர் போட்ட சட்டம்தான். கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

ஜூலையில் ஒரு மத்தியானம் அவரே போன் செய்தார். குரல் ரொம்ப இறங்கியிருந்தது. சாப்பிட்டாயா, மழை உண்டா என்றெல்லாம் சுற்றிவிட்டு, "செல்வி, அந்த ரூல்ல எதுனா வழி இருக்குதா பாரேன்" என்றார். அதுவரை ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த மனம் அந்த ஒரு கேள்வியில் உடைந்துபோனது. அக்காவே வழி கேட்கிறார் என்றால் அவருக்குத் தெரிந்துவிட்டது. "பார்த்துச் சொல்றேன்க்கா" என்று போனை வைத்தேன். பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்து எல்லோரிடமும் சொன்னேன்.

ஆடிட்டர் சார், "ரூலைத் தூக்கிப் போடுங்க, ஞாயித்துக்கிழமை போறோம்" என்றார். அப்படிச் சொன்னால் அக்கா கதவைத் திறக்கமாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்போதுதான் தனபால் நிமிர்ந்தார். அவருக்கும் இந்தச் செப்டம்பரில் இருபது நிறைய வேண்டும். "என் கணக்குலருந்து அரை வருஷத்தை எடுத்து அக்கா கணக்குல போட்டுடுங்க சார். அவங்களுக்கு இன்னிக்கே இருபத்தஞ்சு ஆயிடும். எனக்கு இருபது அடுத்த மார்ச்சுல வரட்டும்" என்றார். ஒரு பக்கம் கழித்து ஒரு பக்கம் கூட்டினால் கணக்கு நேராகிவிடுகிறது. சட்டம் சட்டமாகவே இருக்கிறது. ஆடிட்டர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். தனபால் அங்கேயே போனைப் போட்டார். அக்கா, "உங்கம்மா கோவிச்சுக்கப் போறாங்கடா" என்றாராம். "அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்க்கா, நீங்க உலைய வையுங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து அந்தோணி அண்ணன் வந்து சேர்ந்தபோது நாங்கள் எல்லோரும் அந்தச் சின்ன வீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். என் வீட்டிலிருந்து பூசணிக்காய்க் கூட்டு, தனபால் வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு. அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பானையைத் தூக்கும் தெம்பு அவருக்கு இல்லை. அண்ணன் தூக்கிச் சாய்க்க, அக்கா மூடியை மட்டும் பிடித்துக்கொண்டார். கஞ்சி மேலே கொட்டிவிடுமோ என்று நாங்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கொட்டவில்லை. சோறு கொஞ்சம் குழைந்திருந்தது. அவர் பரிமாறவில்லை, சாப்பிடவும் இல்லை. ஒவ்வொரு இலையாகப் பார்த்து, "பத்துச்சா? இன்னும் கொஞ்சம் போடச் சொல்லட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தனபால் மூன்றாவது தடவை வாங்கினார். அவருக்குச் சர்க்கரை உண்டு, அரிசியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு அக்கா உட்பட யாரும் அவரைத் தடுக்கவில்லை.

ஆகஸ்டு முடிவதற்குள் அக்கா போய்விட்டார். செப்டம்பரை அவர் பார்க்கவில்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில் அந்தோணி அண்ணன் தனபாலின் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அவளுக்கு இருபத்தஞ்சு ஆயிடுச்சு இல்ல? சும்மா அவ மனசுக்காகச் சொன்னது இல்லையே?" என்று கேட்டார். அத்தனை வருஷம் அக்காவோடு வாழ்ந்து அவருக்கும் கணக்கின் மேல் அந்தப் பயம் வந்திருந்தது. "பக்கா கணக்குண்ணே. யார் வேணா வந்து பார்த்துக்கட்டும்" என்றார் தனபால்.

அக்கா பார்த்த வேலைகளை இப்போது பிரித்துக்கொண்டிருக்கிறோம். யாருக்கு எப்போது எத்தனை வருஷம் என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. முதலில் வந்தது தனபாலுடைய இருபதுதான். மார்ச் வரைக்கும் எதற்கு, இந்தச் செப்டம்பரிலேயே உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறோம், அக்காதான் போய்ச் சேர்ந்துவிட்டாரே, யார் கேட்கப்போகிறார்கள் என்று எல்லோருமாகச் சொல்லிப் பார்த்தோம். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "குடுத்த அரைய நான் திருப்பி எடுத்துக்கிட்டா அக்காவுக்கு மறுபடி இருபத்து நாலரை ஆயிடும். வேணாம் செல்வி."

ஆகவே காத்திருக்கிறோம். காத்திருப்பது எனக்குப் பழைய மாதிரி எளிதாக இல்லை. தனபால் வேப்பூர்ப் பக்கம் ஆடிட்டுக்குப் பைக்கில் கிளம்பினால் ஹெல்மெட் எங்கே என்று கேட்கிறேன். டீயில் சர்க்கரை போட்டிருக்கிறதா என்று அவர் டம்ளரை எட்டிப் பார்க்கிறேன். மாத்திரை போட்டாரா என்று அவர் வீட்டுக்காரம்மாவிடமே போன் போட்டு விசாரிக்கிறேன். ஆபீஸில் சிரிக்கிறார்கள். அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தப் பயம்தான். மார்ச் முடிந்து தனபால் வீட்டில் உலை கொதிக்கும்வரை இதை நான் இறக்கி வைக்கப்போவதில்லை.