வைனை ருசி பார்த்த வேலை

1920களில் ஈப்போ நகரில் ஒரு சீன முதலாளியின் மதுக்கடையில் விற்பனையாளனாக இருந்தேன். குடிப்பதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பினாங்கிலிருந்து புதிய வைன் வந்தால், முதலாளி சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்து விற்பேன்.

ஒருநாள் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வந்தார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு வைன் வாங்கிப் போகிறவர் அவர்தான்.

"அண்ணே, போன தடவ நீங்க நல்லாருக்குன்னு சொன்னத தொர ஒரு வாய் வச்சுட்டுக் கொட்டிட்டாரு. மறுபடி அப்படி ஆனா எனக்கு வேல போயிடும்லா. புதுசா வந்தத நீங்களே குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

முதலாளியைப் பார்த்தேன். அவர் புதுப் புட்டிகள் இரண்டைத் திறந்து, ஊற்றி, என் முன் வைத்தார். கிராணியின் முகத்தைப் பார்த்தபின் மறுக்க முடியவில்லை. முதல் வைன் காடி போலப் புளித்தது, சொன்னேன். அடுத்தது தொண்டையில் இதமாக இறங்கியது, அதையும் சொன்னேன்.

கிராணி வாங்கிப்போன அந்த இரண்டாவது வைன் துரைக்குப் பிடித்துப்போயிற்று. இனி அந்த ஆள் ருசி பார்த்ததைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். மற்றத் தோட்டத்துக்காரர்களும் அதையே கேட்கத் தொடங்கினார்கள். புதுச் சரக்கு வரும்போதெல்லாம் நான் குடிக்க வேண்டியதாயிற்று.

புந்தோங்கில் இருந்த எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததுமே மனைவிக்கு வாடை தெரிந்துவிடும்.

"குடிக்காத மனுசன்னுதானே கட்டிக்கிட்டேன்," என்றாள். "அந்த வேலைய விட்டுருங்க."

எங்கள் தெரு மளிகைக்கடையில் வேலை கேட்டேன். கடைக்காரர் சங்கடத்தோடு மறுத்துத் தலையாட்டினார்.

"குடிக்கிற ஆள எப்படிக் கடையில வைக்கிறது?"

மறுநாள் காலையில் மதுக்கடைக்கே போனேன்.