கிளச் இல்லாத லாரியில் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு

மாம்பழக் கூழ் ஆலைகள் ஓயாமல் ஓடும் ஜூன் மாதத்தில், ஒரு சனிக்கிழமை காலை 6.10க்குச் சித்தூரிலிருந்து கிளம்பினேன். பேருந்தில் அல்ல, லாரியில்.

அம்மாவின் தம்பி லாரி ஓட்டுநர். கியர் வண்டியில் இருபத்தெட்டு வருடம் கழித்தவர். அவர் ஓட்டும் பழைய வண்டியை முதலாளி விற்கப்போகிறார். இனி வாங்குவதெல்லாம் ஆட்டோமேட்டிக்தான். அதை ஓட்டுவாரா, இல்லை முதலாளி வேறு ஆள் பார்க்க வேண்டுமா என்று அன்று மதியத்துக்குள் மாமா சொல்ல வேண்டும். மாமாவைத் தெலுங்கில் 'பாவா' என்று கூப்பிடும், அத்தையின் தம்பி பாபு ஏற்கெனவே அப்படியொரு வண்டி ஓட்டுகிறார். அதில் போய்ப் பழகிப் பார்ப்பதாக ஏற்பாடு. "நீயும் வாம்மா, சாட்சிக்கு" என்றார் மாமா. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த படுக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

ஊரைத் தாண்டும் முன்பே சண்டையைத் தொடங்கிவிட்டார்கள்.

"கியர் போட்டா வண்டி நம்மகூட பேசும்டா. இது ஊமை."

"பேசறதுக்கு ஊட்ல எங்கக்கா கீறா, பாவா. வண்டி வேற எதுக்குப் பேசணும்?" என்றார் பாபு.

"முன்னாடி ஏத்தம் வருதுன்னு எனக்குத் தெரியுது. கண்ணு கீது. இதுக்கு இன்னா கீது?"

"மேனுவல் மோடு கீது. கியர நீயே மாத்திக்கலாம்."

"அப்ப நான்தானே கியர் போடறேன்? அப்புறம் இன்னாடா ஆட்டோமேட்டிக்கு?"

"டிராபிக்ல நாள்பூரா கிளச்ச மிதிச்சிக்கினு போய், ஊட்ல முட்டிக்குத் தைலம் தேச்சிக்கறது யாரு?" என்று பாபு பேச்சை மாற்றினார். மாமா முட்டியைத் தடவிக்கொண்டார். ஆளுக்கொரு புள்ளி என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

சுமார் இருபது கிலோமீட்டரில் புத்தலப்பட்டு. மூன்று டீ, முப்பத்தாறு ரூபாய். அங்கே இருவரும் இடம் மாறினார்கள். ஆளில்லாத பக்கச் சாலையில் மாமா வண்டியை எடுத்தார். அழகாகத்தான் எடுத்தார். சாலை முனையில் வேகம் குறைக்கும்போது இடது கால் பழக்கத்தில் கிளச்சைத் தேடி ஓங்கி மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். பதினைந்து டன் மாம்பழக் கூழும் நானும் ஒன்றாக முன்னால் வந்தோம்.

"பாவா, இல்லாத கிளச்ச மிதிக்காத!"

மூன்று தடவை அப்படியே ஆனது. மூன்றாவது தடவை மாமா எஞ்சினை நிறுத்திவிட்டார். "என்னால ஆவாதுடா. கிளச்சு கால்ல பூந்துகினது." நான் எதையும் படித்துக் கற்றுக்கொள்கிறவள். காலுக்கு எப்படிப் பாடம் எடுப்பது?

மாமா குனிந்து இடது கால் செருப்பை மட்டும் கழற்றினார். வெறும் காலை இருக்கையோடு ஒட்டி இழுத்து வைத்தார். "இந்தக் காலுக்கு இன்னிக்கு லீவு" என்று அதனிடமே சொன்னார். மறுபடி முனை வந்தது. கால் கொஞ்சம் எழுந்தது. வெறும் பாதம் என்பதால் அவருக்கே உடனே உறைத்திருக்க வேண்டும், அடங்கிவிட்டது. வண்டி மெதுவாக நின்றது.

"லீவு சாங்ஷன்!" என்று பாபு கத்தினார்.

திருப்பதி நெருங்கும்போது மேம்பாலத்தின் ஏற்றத்தில் நாற்பது நிமிட நெரிசல். மாமாவே ஓட்ட, நகர்வதும் நிற்பதுமாக ஏறினோம். வண்டி ஒரு சாண்கூடப் பின்னால் உருளவில்லை. 9.20க்குக் கிடங்கில் நின்றதும் மாமா இறங்கி, அத்தனை நெரிசலுக்குப் பிறகும் நொண்டாமல் நடந்தார். அதைப் பாபுவும் பார்த்தார். ஆனால் வாய் திறக்கவில்லை. அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

உங்களுக்கு: தெரியாத லாரியில் ஏறாதீர்கள். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு அடிக்கடி பேருந்து உண்டு. சுமார் எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். மாம்பழப் பருவத்தில் லாரிகள் அதிகம், ஏழுக்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.

சித்தூர் மாவட்டம் ஆந்திராவுக்கா தமிழ்நாட்டுக்கா என்ற வழக்கு அம்மா பிறக்கும் முன்பே தீர்ந்துவிட்டது. ஆனால் மாமா சண்டை போடுவது இன்றும் தமிழில், முதலாளியிடம் பேசுவது தெலுங்கில். போன் போட்டு, "நடுபுதானு சார்" என்றார். ஓட்டுகிறேன் என்று அர்த்தம்.

பாபு விடவில்லை. "அப்ப எது நல்ல வண்டி? வாயைத் திறந்து சொல்லு பாவா."

"கியர் வண்டிதான்டா வண்டி" என்றார் மாமா. "ஆனா முட்டி என்னுதாச்சே."