அதே பொசிட்டிவ், வேறு வயது: நோர்வூட்டிலிருந்து நுவரெலியா கண் கிளினிக்குக்கு

"டீச்சர், உங்களுக்கும் பொசிட்டிவ், எம் மகளுக்கும் பொசிட்டிவ். நீங்க நல்லாத்தானே நடமாடுறீங்க?"

பக்கத்து வீட்டுச் செல்வம் போன மாசியில் என்னிடம் கேட்டது இது. இந்தப் பயணமே அந்தக் கேள்வியால் வந்ததுதான்.

அவர் மகள் தர்ஷினிக்கு ஏழு வயது. இரண்டு மாதமாக முழங்கால் வீக்கம். உடலையே குறிவைக்கும் பிறபொருளெதிரிகளை இரத்தத்தில் தேடுகிற ஏ.என்.ஏ. பரிசோதனையில் பொசிட்டிவ். கண்ணையும் காட்டுங்கள் என்று ஹட்டன் டொக்டர் சொல்லியிருந்தார். கண் சிவக்கவில்லை, வலிக்கவில்லை, எதற்கு அலைச்சல் என்று செல்வம் நினைத்தார். எனக்கு அறுபத்தெட்டு வயது. அதே சோதனையில் எனக்கும் இலேசாகப் பொசிட்டிவ் வந்தது. வேறு அறிகுறி எதுவும் இல்லை, வயதானால் இப்படி வருவதுண்டு என்று என்னை அனுப்பிவிட்டார்கள்.

நான் என் தலையைக் காட்டினேன். "எனக்கு நரைச்சிருக்கு, யாராச்சும் பதறினீங்களா? தர்ஷினிக்கு நரைச்சா சும்மா இருப்பீங்களா?"

செல்வம் பதில் யோசிப்பதற்குள் அவர் மனைவி புஷ்பராணி முடிவு செய்துவிட்டார். அவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். "ஒரு நாள் பேரும் சம்பளமும் போனா போகட்டும். நாளைக்கே போறோம்."

டொக்டர் சொல்வதைத் தமிழில் சொல்ல நானும் கூடப் போனேன். காலை ஆறரைக்கு நோர்வூட்டில் பஸ். ஹட்டனுக்கு முக்கால் மணி நேரம். அங்கே மாறி, தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு இரண்டு மணி நேரம். வளைவுகளில் தர்ஷினிக்கு வாந்தி வந்தது. கண்டக்டர் கேட்காமலே ஒரு பையை நீட்டி, "இந்த ரோட்டுல எனக்கே வரும், தங்கச்சி" என்றார். பஸ் நிலையத்திலிருந்து கிளினிக்குக்கு ஆட்டோ முந்நூறு ரூபாய்.

கண் டொக்டர் தர்ஷினியின் நாடியைக் கருவியின் தாங்கியில் வைக்கச் சொல்லி, விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். அவர் சிங்களத்தில் சொன்னதை நான் புஷ்பராணிக்குத் தமிழில் சொன்னேன். இப்படி மூட்டு வீங்கும் சிறு பிள்ளைகளுக்கு ஏ.என்.ஏ. பொசிட்டிவ் என்றால் கண்ணுக்குள் அழற்சி வரும் வாய்ப்பு அதிகம். வலிக்காது, சிவக்காது, கவனிக்காவிட்டால் பார்வையைக் கெடுத்துவிடும். தர்ஷினிக்கு அது தொடங்கியிருந்தது. சேதம் எதுவும் இல்லை, சரியான நேரத்தில் வந்தீர்கள் என்று சொட்டு மருந்து எழுதித் தந்தார். புஷ்பராணி வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி போனோம். இந்த முறை செல்வமும் வந்தார். டொக்டர் கருவியிலிருந்து நிமிர்ந்து, தமிழிலேயே, "கண் சுத்தம்" என்றார்.

திரும்பும் வழியில் ஜன்னலோரம் தர்ஷினி கடைப் பலகைகளையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. தலவாக்கலையில் பஸ் நின்றதும் செல்வம், "அங்கிட்டு ஒண்ணு விட்டுட்டியே, அதையும் படிம்மா" என்றார்.

இதே வழியில் போகிறவர்கள் டொக்டரை முன்கூட்டியே சேனல் செய்து நேரம் பதிந்துகொள்ளுங்கள். பிள்ளைக்கு முன் இருக்கையும் ஒரு கம்பளிச் சட்டையும் வேண்டும். கண் சுத்தம் என்று சொன்ன பிறகும் தவணைக்குப் போவதை நிறுத்தாதீர்கள், நாங்களும் நிறுத்தவில்லை.

உங்கள் வீட்டில் இருக்கும் பரிசோதனை ரிப்போர்ட் ஒன்றை இப்போது எடுங்கள். முடிவைப் படிக்குமுன், பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் வயதைப் படியுங்கள்.