சத்தம் கேட்கிற டிஸ்க்

ஹார்ட் டிஸ்க்கை யேசுரத்தினம் காதில் வைத்துத்தான் சோதிப்பார். புதுக்கடை ஜங்ஷனில் டைட்டஸின் கம்ப்யூட்டர் கடை. பிஸ்கட் டின்னில் கிடக்கும் பழைய லேப்டாப் டிஸ்க்குகளை டைட்டஸ் ஒவ்வொன்றாகக் கரண்டில் மாட்டி நீட்டுகிறார். யேசுரத்தினம் அதை வலது காதோடு சேர்த்துப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்கிறார்.

"இது மூச்சு வாங்குகு மக்கா. அடுத்தத எடு."

வயது அறுபத்தாறு. சட்டைப்பையில் கண் சொட்டு மருந்து எப்போதும் இருக்கும். குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்தபோது, தொண்ணூற்று மூன்றில், ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். கீபோர்டுக்குள்ளேயே முழு மெஷினும் அடங்கிய வகை. டிவியில் மாட்டினால் போதும். அது ஒரே நேரத்தில் நான்கு குரல்களில் பாடும். அவர் நடத்தும் சர்ச் சபையின் பாடகர் குழுவிலும் நான்கு குரல்கள். வேறு மெஷின் வாங்க அவருக்கு இன்றுவரை காரணம் கிடைக்கவில்லை. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று ஒவ்வொரு பாட்டையும் குரல் குரலாக ஏற்றி, அதை ஓடவிட்டுத்தான் முப்பது வருடமாகக் குழுவைப் பழக்குகிறார்.

போன மாதம் அதிலிருந்த டிஸ்க் நின்றுபோனது. பழைய பாட்டுகள் பிளாப்பியில் இருந்ததால் தப்பின. டைட்டஸ் ஒரு மெமரி கார்டைப் பொருத்திக் கொடுத்தார். அதில் ஏற்றிய ஈஸ்டர் பாட்டு இரண்டு முறை காணாமல் போனது. மெஷின் எழுதி முடிக்கும் முன் சுவிட்சை அணைத்தால் அப்படித்தான் ஆகும். எழுதும்போது ஓரத்தில் கடுகளவு விளக்கு ஒன்று எரியும். அது அணைந்த பிறகுதான் சுவிட்சில் கை வைக்க வேண்டும். இது முப்பது வருடப் பழக்கம். ஆனாலும் குற்றம் கார்டின் மேல்தான் என்று அவர் சாதித்தார். ஈஸ்டருக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"இதெல்லாம் இருவது வருசப் பழசு மாஸ்டரே," என்றார் டைட்டஸ். "கார்டுன்னா சத்தமே கெடையாது. அதில என்ன கொறைய கண்டிய?"

"சத்தம் இல்லாததுதாண்டே கொற."

கூட வந்திருந்த மனைவி ராகேலுக்குப் பொறுக்கவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருடம் ஆயாவாக இருந்தவர். "பழசக் கெட்டிட்டு அழாதிய. அவன் சொல்லுகதக் கேளுங்க."

"பழசுன்னா முதல்ல ஒன்னையில்லா மாத்தணும். மாத்தினனா?"

டைட்டஸ் சிரித்தார். ராகேல் சிரிக்கவில்லை.

மூன்றாவது டிஸ்க் கரகரத்தது. யேசுரத்தினத்தின் முகம் தெளிந்தது. "எழுதும்போ டக்கு டக்குன்னு சொல்லுகு. நின்னா முடிஞ்சுன்னு அர்த்தம். இது போதும்."

"அதுக்குத்தானே லைட்டு இருக்கு? இன்னா, எரியுகு பாருங்க," என்று மேசையில் டிஸ்க்கை மாட்டியிருந்த பெட்டியின் சின்ன விளக்கைக் காட்டிவிட்டு, டைட்டஸ் அப்படியே அதன் வயரையும் பிடுங்கினார். விளக்கு அணைந்தது. அதன் பிறகுதான் யேசுரத்தினம் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவர் பார்த்த இடம் விளக்குக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

"ஆமா ஆமா, நல்லா எரியுகு," என்றார்.

ராகேல் அவர் கண்ணைப் பார்த்தார். தினமும் மூன்று வேளை சொட்டு மருந்து விடுவது ராகேலின் கைதான். ஆனால் கண் டாக்டரிடம் யேசுரத்தினம் தனியாகவே போய்வருவார். எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கு" என்பார். கண் போகிறது என்று தெரிந்தால் சபையில் குழுவை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள். பாட்டு இரண்டு முறை எப்படிப் போனது என்று ராகேலுக்கு இப்போது விளங்கியது.

"டைட்டஸ், அந்தச் சத்தம் போடுகதயே குடு," என்றார்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் டிஸ்க் மெஷினுக்குள் ஏறியது. நல்ல வெயில், சட்டை முதுகில் ஒட்டியது. யேசுரத்தினம் டிவியில் முகம் இடிக்கும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்து டெனர் குரலை ஏற்றி முடித்தார். சேவ் கொடுத்துவிட்டு, கீபோர்டின் மேல் குனிந்து காதைக் கொடுத்தார். தலைக்கு மேல் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. அவர் இன்னும் குனிந்தார்.

ராகேல் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார்.