காப்போடு எல்லை தாண்டினேன்

ஆத்தாவை நம்பி வாழும் என் சொந்தங்களுக்கு, ஈப்போ பக்கத்துக் குனோங் ராபாட்டிலிருந்து லாரி ஓட்டுநர் முனியாண்டி எழுதுகிறேன். கோயில் மைக்கைப் பிடித்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுத்து.

போன வருஷம் என் மகள் துளசி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. தூரத்தில், தெற்கே ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா தவறிய பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். தினமும் வேலை முடிந்ததும் போனில் கூப்பிடுவேன். ரோட்டில் பார்த்த கூத்தையெல்லாம் சொல்வேன், சிரிப்பாள். அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். "ஓகேப்பா" என்று ஒரு செய்தி வரும். பிறகு அதுவும் நின்றது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே கைப்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மணி அடித்தால் முதலாளியாகத்தான் இருக்கும்.

படிப்புச் சுமை என்றார்கள் கூட்டாளிகள். நானும் தலையாட்டினேன். பெற்ற மனம் கேட்கவில்லை.

நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தில் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைதான் நிற்கிறது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் போய்விட்டன. மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. ஈப்போ, தைப்பிங், பாரிட் புந்தார் என்று சிதறிப் போன எல்லாரும் சித்திரைத் திருவிழாவுக்கு அங்கே வந்து சேருவோம். அந்த முறை பால்குடம் எடுக்க நான் காப்புக் கட்டிக்கொண்டேன். வேண்டுதல் ஒன்றுதான். ஆத்தா, என் பிள்ளை என்னிடம் வாய் திறந்து பேசட்டும்.

காப்புக் கட்டியவன் திருவிழா முடியும்வரை கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் தோட்டத்தில் இது ரொம்பக் கண்டிப்பு. மீறினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். நான் கோயிலிலேயே தங்கிவிட்டேன்.

பால்குடத்துக்கு முதல் நாள் காலை. துளசியின் அறைத் தோழி ஆயிஷா போனில் கூப்பிட்டாள். துளசி வகுப்புக்குப் போவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று இன்றைக்குச் சொன்னாள் என்றாள். பல்கலைக்கழக ஆலோசகரிடம் சொல்லிவிட்டேன், அவளைத் தனியாக விட மாட்டேன், நீங்கள் வாருங்கள் என்று அந்தப் பெண் மலாயில் சொல்லி அழுதாள்.

கார்ச் சாவியை எடுத்தேன். பூசாரி வேலு, சின்ன வயதிலிருந்து என் கூட்டாளி, குறுக்கே வந்து நின்றான்.

"மச்சான், காப்போட எல்லை தாண்டக் கூடாதுலா."

"ஆத்தாவும் தாய்தானே மச்சான். கோவிச்சுக்கிட்டா என்மேல கோவிச்சுக்கட்டும்."

வேலு வழி விட்டான்.

ஜொகூருக்கு அரை நாள் ஓட்டம். மணிக்கட்டில் அந்த மஞ்சள் கயிறு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. என் மீறல் துளசி தலையில் விடியுமோ என்று பயந்தேன். பயந்துகொண்டேதான் ஓட்டினேன்.

பெண்கள் விடுதிக்குள் ஆண்களை விட மாட்டார்கள். காவலர் கொட்டகைப் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆயிஷாவும் ஆலோசகர் அம்மாவும் துளசியை அழைத்து வந்தார்கள். பாதியாக இளைத்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கையை நீட்டினேன். அவள் பார்வை என் மணிக்கட்டில் நின்றது.

"அப்பா, காப்போட வந்துட்டீங்களா?"

தோட்டத்துக் கோயிலில் வளர்ந்த பிள்ளை. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு பேசினாள். பொழுது சாயும்வரை பேசினாள். தேர்வில் தவறியது, தூக்கம் போனது, தோட்டத்தின் முதல் பட்டதாரி ஆகப் போகிறவள் என்று கோயில் மைக்கில் அவள் பெயரைச் சொன்னதை நினைத்து நினைத்து மூச்சு முட்டியது, எல்லாம் சொன்னாள். பால்குடம் தூக்குவதற்கு முன்பே ஆத்தா என் வேண்டுதலைக் கொடுத்துவிட்டாள்.

இது சோம்பேறித்தனம் இல்லை, நோய், மருந்து உண்டு என்று ஆலோசகர் அம்மா எனக்குப் பொறுமையாக விளக்கினார். படிப்புக்கு ஒரு பருவம் விடுப்பு எடுத்து, இரண்டு நாள் கழித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வழியில் கோயிலில் நிறுத்தினேன். திருவிழா முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். துளசி இறங்கவில்லை. வேலு என் காப்பை அவிழ்த்தான். கார்க் கண்ணாடி வழியாகக் கையை நீட்டி அவள் நெற்றியில் திருநீறு பூசினான்.

இப்போது ஈப்போவில் மனநல மருத்துவரிடம் போகிறாள். மாத்திரை சாப்பிடுகிறாள். சில நாள் பேசுவாள். சில நாள் அறைக் கதவு சாத்தியே இருக்கும். சோற்றுத் தட்டோடு வெளியே நின்று மெதுவாகக் கூப்பிடுவேன். அவளுடைய பழைய சிரிப்புக்காக இன்னும் ஏங்குகிறேன். ஒரு தடவை கேட்டுவிட மாட்டோமா என்று இருக்கிறது. வரும். ஆத்தா பாதியில் விடுகிறவள் இல்லை.

தூரத்தில் படிக்கும் உங்கள் பிள்ளையின் பேச்சு குறைந்திருந்தால் ஆத்தாவிடம் சொல்லுங்கள். கேட்பாள். எனக்கு ஒரு மலாய்ப் பிள்ளையின் வாயால் பதில் சொன்னவள், உங்களுக்கும் சொல்வாள். முழு மனதோடு நம்புங்கள். நம்பிவிட்டு, வண்டியை எடுங்கள்.