ஒரே ஊரின் இரண்டு தலைவர்கள்

நாவலடிப்புலம் என்று ஓர் ஊர் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டில் சனத்தை எழுப்பிவிட்டு இராணுவம் அங்கே முள்வேலி போட்டுக்கொண்டது. இன்றைக்கு அங்கே ஒரு வீட்டுக்கும் கூரை கிடையாது. ஆனால் லண்டனில் அந்த ஊருக்கு இரண்டு தலைவர்கள், இரண்டு செயலாளர்கள், இரண்டு பொங்கல் விழா. தேம்ஸ் ஆற்றுக்கு வடக்கே மனோர் பார்க்கில் மக்கள் ஒன்றியம். தெற்கே நோர்பரியில் நலன்புரிச் சங்கம். ஊரைப் பறிகொடுத்தவர்களுக்குப் பதவியைப் பறிகொடுக்க மனம் வரவில்லை.

பிரிந்த காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஓர் ஆண்டு விழாவில் கணேசலிங்கத்தைக் கூப்பிடாமல் ஒன்றியத் தலைவர் சற்குணம் தானே குத்துவிளக்கின் முதல் திரியைக் கொளுத்திவிட்டார். இருவரும் சகலர்கள் வேறு. அக்கா ஜெகதீஸ்வரியைக் கட்டியவர் சற்குணம். தங்கை சிவனேஸ்வரியைக் கட்டியவர் கணேசலிங்கம். அடுத்த கிழமையே கணேசலிங்கம் ஆற்றுக்குத் தெற்கே தனிச்சங்கம் தொடங்கினார். சற்குணம் வீட்டில் சட்டம் போட்டார்.

"இனி ஆத்துக்கு அங்காலை ஆரும் போகப்படாது."

வேலி போடுவதற்கு இராணுவம் மட்டும்தானா வேண்டும்?

ஜெகதீஸ்வரிக்கு ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. பிள்ளைகளுக்குப் பரிமாறி, பெரிய பெரிய தட்டுகளைத் தேய்த்துவிட்டு வந்து, ஒன்றியத்தின் கூட்டத்துக்கு வடையும் சுடுவாள். வீட்டு வாடகை அவள் சம்பளத்தில்தான் போனது. சற்குணம் முதுகு நோவென்று வேலையை விட்டுப் பல வருடமாயிற்று. மேடையில் மணிக்கணக்கில் நிற்பதற்கு மட்டும் அந்த முதுகு இடம் கொடுக்கும். யாராவது "தலைவர்" என்று கூப்பிட்டால் அவர் முகத்தில் வரும் பூரிப்பைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் வடைச் சட்டிப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அவர் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்துத் தங்கைக்குப் போன் எடுப்பாள். அக்காவும் தங்கையுமாகத் தத்தம் தலைவர்களைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள்.

"அக்கா, நான் முந்திப் போனால் நீதான் எனக்கு வாய்க்கரிசி போடவேணும். உவையள் மாலையைப் போட்டுப் படம் எடுக்கத்தான் வருவினம்" என்று சிவனேஸ்வரி சிரிப்பாள்.

"விசர்க்கதை கதையாதை. முந்திப் பிறந்தவள் நான்" என்பாள் அக்கா. ஆனாலும் ஓம் என்று சொல்லியிருந்தாள்.

சிவனேஸ்வரிதான் முந்தினாள். மாரடைப்பு. செத்தவீட்டுக்குத் தடை சொல்ல சற்குணத்துக்கும் துணிவில்லை. அதுமட்டுமல்ல, அவரே கோட்டும் சூட்டுமாக முதலில் வெளிக்கிட்டு நின்றார். கையில் ஒன்றியத்தின் பெயர் போட்ட மலர்வளையம். சங்கத்தாரின் வளையத்தைவிடப் பெரிதாக வேண்டுமென்று சொல்லிச் செய்வித்தது.

தகன மண்டபத்தில் ஐயர் கிரியைகளை முடித்தார். அடுத்தது அஞ்சலி உரை, கடைசியாக வாய்க்கரிசி. ஜெகதீஸ்வரி தட்டிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளிக்கொண்டு பெட்டியின் தலைமாட்டில் போய் நின்றாள். தங்கையின் வாய் சிரிக்கப்போகிற மாதிரிக் கிடந்தது.

கணேசலிங்கம் மைக்கைப் பிடித்தார். பெண்சாதியைப் பறிகொடுத்த மனுசன் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு, ஊரின் உண்மையான குரல் நலன்புரிச் சங்கமே என்று தொடங்கினார். சற்குணம் விடுவாரா? பாய்ந்து வந்து மைக்கை வாங்கி, ஒன்றியத்தின் வரலாறு, ஊரின் நாலு எல்லைகள், குத்துவிளக்கு விடயத்தில் நடந்தது என்ன என்று முழங்கினார். கணேசலிங்கம் மறுப்புரைக்கு எழும்பினார். பெட்டிக்குள் கிடந்தவள் இரண்டு பேருக்கும் மரண அறிவித்தலில் வரும் "அன்னார்" மட்டும்தான். வெட்கங்கெட்ட பிறவிகள்.

மண்டபத்தின் வெள்ளைக்காரன் வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். நேரம் முடிந்தது, அடுத்த பெட்டி வாசலில் நிற்கிறது. அவனுடைய ஆட்கள் மூடியைத் தூக்கினார்கள்.

"பொறுங்கோ! என்ரை தங்கச்சிக்கு நான் இன்னும் அரிசி போடேல்லை!"

வெள்ளைக்காரனுக்குத் தமிழ் விளங்கவில்லை. விளங்கிய சற்குணம் அவளுடைய முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"சத்தம் போடாதை. ஆக்கள் பாக்கினம்."

மூடி விழுந்தது. பெட்டி உள்ளே போய்த் திரையும் மூடிக்கொண்டது. ஜெகதீஸ்வரிக்கு அழுகை வரவில்லை, வெறுப்புத்தான் வந்தது. கையிலிருந்த அரிசியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

திரும்பி வரும் ரயிலில் சற்குணம் கேட்டார்.

"என்ரை பேச்சு எப்பிடி? கணேசலிங்கத்தாற்றை முகத்தைப் பாத்தனியே?"

அவள் தலைப்பு முடிச்சைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சற்குணம் முழுகிவிட்டுச் சாப்பாட்டு மேசையடியில் குந்தினார். "பசிக்குது. சாப்பாட்டைப் போடு."

அவள் சாப்பாட்டுக் கோப்பையை அவர் முன்னால் வைத்தாள். சேலைத் தலைப்பை அவிழ்த்து அந்த ஒரு பிடி பச்சை அரிசியை அதில் கொட்டினாள்.

"என்னடியப்பா இது? சமைக்கேல்லையோ?"

"இது சமைக்கிற அரிசி இல்லை. என்ரை தங்கச்சிக்கு எண்டு எடுத்தது." கோப்பையிலிருந்து அரிசியை விரல்களால் அள்ளினாள். "அங்கை அவ்வளவு நேரம் திறந்த வாய்தானே. இன்னொருக்கால் திறவுங்கோ."

சற்குணம் அவள் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். திறந்தால் அவள் போட்டே விடுவாள் என்று தெரிந்தது. வாயை இறுக மூடிக்கொண்டார்.